உலங்கு வானூர்தியின் ஒலியும் தமிழ்க் கவிதையின் நினைவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவின் உரைகளுக்கு வழக்கமாக ஒரு நூலோ, ஒரு புலவரோ, ஒரு கொள்கையோ பொருளாக அமையும். இவ்வுரையின் பொருள் ஓர் ஒலி. பருத்திப்பட்டில் வாழ்வோர்க்கு அது பழகிய ஒலிதான். மேற்கே அரக்கோணத்தில் 1992ஆம் ஆண்டு கடற்படையின் ராஜாளி விமானத்தளம் தொடங்கப்பெற்றது. கடற்படையின் ஹெலிகாப்டர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் உள்ளது. தெற்கே தாம்பரத்தில் விமானப்படை நிலையம் உள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவே விரிந்த வானத்தின்கீழ் இவ்வூரின் ஏரியும் தெருக்களும் கிடக்கின்றன. படைத்துறை ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேலே கடந்து போகும்பொழுது குழந்தைகள் மாடிக்கு ஓடுவர். பெரியவர்கள் தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் கூட்டுவர். ஒலி தேய்ந்ததும் எல்லாம் பழையபடி ஆகும்.

ஆனால், அதே ஒலி கேட்டதும் மாடிக்கு ஓடாமல் உட்சுவரை ஒட்டி நிற்கும் மனிதர்களும் சென்னைப் புறநகர்களில் உண்டு. 1983க்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாம்களில் வாழ்கின்றன. முகாமுக்கு வெளியே வாடகை வீடுகளில் வாழ்வோரும் உளர். ஒரே தெருவில், ஒரே நொடியில், ஒரே ஒலி இருவர் காதுகளில் இரண்டு வேறு காலங்களைத் திறந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைத் தமிழ்க் கவிதை எவ்வாறு கையாண்டது, இனி எவ்வாறு கையாள வேண்டும் என்பதே இவ்வுரை ஆராய முற்படும் வினா.

படைக்கலம் செய்யும் ஊர்

ஆவடி வட்டாரத்தின் இயல்பை முதலில் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1955ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாடு இங்கே கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியதால் இவ்வூரின் பெயர் நாடறிந்தது. அதன் பின்னர்க் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய ஆய்வு நிறுவனமும் ஆவடியில்தான் உள்ளது. விமானப்படையின் நிலையமும் மத்திய சேமக் காவற்படையின் மையமும் இங்கே உண்டு. ஆவடி என்னும் பெயரே படைக்கலக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று கதை சொல்வாரும் உளர். அது பின்னர்ப் புனைந்த விளக்கமே. எனினும், ஊரின் பெயருக்கே படைக்கலப் பொருள் கற்பிக்கும் அளவுக்கு இவ்வூரின் வாழ்வு அத்தொழிலோடு பிணைந்துள்ளது என்பதற்கு அக்கதை சான்றாகும்.

இவ்வட்டாரத்து வீடுகள் பலவற்றில் சோறு வெந்தது படைக்கலத் தொழிலின் ஊதியத்தால். ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடும்பங்களும் இங்கே மிகுதி. ஆகவே ஹெலிகாப்டரின் ஒலி இங்கே எவருக்கும் அயலானதன்று. சிலருக்கு அது வேலை. சிலருக்குப் பெருமை. சிலருக்கு ஓய்வூதியத்தோடு சேர்ந்து வந்த நினைவு. பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட பின்னர் மாலை நடைக்கு வருவோரிடையே இம்மூவகையினரும் இருப்பர். ஈழத்திலிருந்து வந்தவரும் அவர்களிடையே இருக்கக்கூடும். வானத்தில் ஒலி எழும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை. கவிஞன் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

ஒலியின் இயல்பு

ஹெலிகாப்டரின் ஒலிக்கு ஏனைய வானூர்திகளின் ஒலிக்கில்லாத ஒரு தன்மை உண்டு. ஜெட் விமானத்தின் ஒலி ஒரு கிழிப்பு. வந்ததும் போய்விடும். ஹெலிகாப்டரின் ஒலியோ துடிப்பு. இலங்கை விமானப்படை பயன்படுத்திய பெல் 212 வகைக்குச் சுழலித் தகடுகள் இரண்டு. அவை நிமிடத்துக்கு ஏறத்தாழ 324 முறை சுழல்வன. எனவே நொடிக்கு 11 அடிகள் என்னும் கணக்கில் காற்றை அறைகின்றன. இந்திய விமானப்படை ஈழத்தில் பயன்படுத்திய எம்.ஐ. 8 வகைக்குத் தகடுகள் ஐந்து. அது சுழல்வது மெதுவாக, நிமிடத்துக்கு 192 முறை. அடிகள் நொடிக்கு 16. ஒன்று தனித்தனி அறையாகவும் மற்றொன்று தொடர்ந்த உறுமலாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். கண்ணால் காணாமலேயே எந்த ஊர்தி வருகிறது என்று சிறுவர்கள் சொன்னார்கள் என்றால், அதில் வியப்பொன்றும் இல்லை.

தாழ்ந்த சுரத்தில் எழும் இவ்வொலி நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் கதவையும் ஊடுருவும். எத்திசையிலிருந்து வருகிறது என்று எளிதில் காட்டிக் கொடுக்காது. இன்னொன்றும் உண்டு. ஊர்தி தாழ இறங்கும்போது, முன்னே சென்ற தகடு கிளப்பிய சுழலைப் பின்னே வரும் தகடு வெட்டுகிறது. அப்பொழுது அறையும் ஒலி மிகும். ஒலி கனப்பது, ஊர்தி இறங்குகிறது என்பதன் அறிகுறியாகிறது. மேலே கடந்து போகும் ஒலியையும் தன்மீது இறங்கும் ஒலியையும் வேறுபடுத்திக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் உயிர் பிழைத்தார்கள். உயிரைக் காத்த அந்தக் கல்வி, போர் முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் காதை விட்டு நீங்குவதில்லை.

முரசும் மயிற்பொறியும்

வானிலிருந்து வரும் ஒலியும், அதனால் கிளரும் நினைவும் தமிழ் இலக்கியத்துக்குப் புதியவை அல்ல. அரசனுக்கு மூன்று முரசு என்பது மரபு. வீரமுரசு போருக்கு அறையப்படும். தியாகமுரசு கொடைக்கு அறையப்படும். நியாயமுரசு நீதிக்கு அறையப்படும். மூன்றும் அரசின் குரலே. ஆயினும் கேட்போர் மயங்காவண்ணம் பழந்தமிழ் அரசு ஒலியைப் பிரித்து வைத்தது. இக்கால அரசுக்கு அந்தப் பிரிவு இல்லை. குண்டு கொண்டுவரும் ஊர்திக்கும் சோற்றுப் பொட்டலம் கொண்டுவரும் ஊர்திக்கும் சுழலி ஒன்றே; ஒலியும் ஒன்றே. தரையில் நிற்பவன் எந்த முரசு அறையப்படுகிறது என்று அறியாமலே வானத்தை நோக்குகிறான்.

சீவக சிந்தாமணியில் விசயையின் கதையை இங்கே நினைவுகூர்தல் தகும். கட்டியங்காரனின் சூழ்ச்சியை அறிந்த சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி வானில் அனுப்பிவிட்டுப் போரில் மடிகிறான். வானில் செல்லும் விசயையின் செவியில் கட்டியங்காரனின் வெற்றி முரசம் விழுகிறது. கணவன் இறந்தான் என்பதை அவளுக்குச் சொல்ல ஒருவரும் வரவில்லை, ஒலியே சொல்லிவிடுகிறது. அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். வானூர்தி, தாய்மை, போர், ஒலி, மயக்கம் ஆகிய ஐந்தையும் ஒரே நிகழ்ச்சியில் இணைத்த திருத்தக்கதேவரின் நுட்பம் போற்றத்தக்கது. விசயையை வீழ்த்தியது அம்பன்று; பொருள் தெரிந்த ஓர் ஒலி.

1987: ஒரே வானத்தின் இரு முகங்கள்

இவ்வுரையின் நடுப்பொருளுக்கு வருதல் வேண்டும். 1987ஆம் ஆண்டு மே 26 அன்று இலங்கைப் படை வடமராட்சியில் ஒப்பரேஷன் லிபரேஷன் என்னும் படையெடுப்பைத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடு முற்றுகையில் இருந்தது. ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து உணவுப் பொருள்களோடு புறப்பட்ட 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஜூன் 4 அன்று, பெங்களூரிலிருந்து எழுந்த இந்திய விமானப்படையின் ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து ஏறத்தாழ 25 டன் உணவுப் பொருள்களைப் போட்டன. அந்நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர் பூமாலை. வானத்திலிருந்து இறங்குவது சாவு மட்டுமே என்று பழகிய மக்கள் அன்று முற்றங்களில் நின்று மேலே பார்த்தார்கள்.

ஜூலை 29 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதிப்படை வந்திறங்கியபோது மாலையிட்டு வரவேற்றனர். அடுத்த மூன்று மாதத்துக்குள் நிலைமை தலைகீழானது. அக்டோபர் 11 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் எம்.ஐ. 8 ஹெலிகாப்டர்கள் படைவீரர்களை இறக்கின. விடுதலைப் புலிகள் காத்திருந்தனர். பதின்மூன்றாம் சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த 30 பேர் இறங்கினர். 29 பேர் மடிந்தனர், ஒருவர் சிறைப்பட்டார். அடுத்தடுத்த நாள்களில் குடாநாடு முழுவதும் போர் பரவியது. அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனையில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளரும் இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். அம்மாத இறுதியில் சாவகச்சேரிச் சந்தைப் பகுதியில் வானிலிருந்து நிகழ்ந்த தாக்குதலில் பொதுமக்கள் பலர் இறந்தனர். ஜூன் மாதத்தில் பூமாலை போட்ட அதே விமானப்படையின் ஊர்திகள்தான் அக்டோபரில் அதே வானத்தில் சுழன்றன.

இவ்வாறு நிகழ்ந்தது ஏன், பிழை யாருடையது என்னும் வழக்கை இம்மேடை தீர்க்க இயலாது. ராஜினி திராணகம முதலிய பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய 'முறிந்த பனை' அக்காலத்தை எல்லாத் தரப்பினரின் செயல்களோடும் பதிவுசெய்தது. அப்பணியின்போதே, 1989 செப்டம்பர் 21 அன்று, ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். இங்கே கருதத்தக்கது வேறொன்று. ஓர் ஒலிக்கு இருந்த பொருள், அவ்வொலி மாறாமலே, நான்கு மாதங்களில் மாறிவிட்டது. ஜூனில் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்த சிறுமியை அக்டோபரில் பதுங்குகுழிக்குள் இழுத்துக்கொண்டு ஓடிய தாய், அந்த மாற்றத்தை எந்தச் சொல்லால் விளக்கியிருப்பாள்?

போரின் மறுகரையில் நின்றவரையும் மறத்தல் ஆகாது. 1990 மார்ச் 24 அன்று அமைதிப்படையின் இறுதி அணி இலங்கையை விட்டு வெளியேறியபோது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த தமிழ் வீரர்களும் அப்போரில் இருந்தனர். காயம்பட்டுப் பனங்கூடலில் கிடந்த ஒருவனுக்கு, தன்னை எடுத்துச் செல்ல வரும் ஹெலிகாப்டரின் ஒலி தாயின் குரல் போன்றது. சில நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு வீட்டின் உள்ளே, தமிழிலேயே வேண்டிக்கொண்டிருந்த மற்றொருவருக்கு அதே ஒலி எமனின் வருகை. இருவரும் ஒரே மொழியில் அஞ்சினர். ஒரே மொழியில் நம்பினர். தமிழ்க் கவிதைக்கு இதைவிடக் கடினமான பொருள் இருபதாம் நூற்றாண்டில் வாய்த்ததில்லை எனலாம். அதை முழுமையாக எழுதிய கவிதை இன்னும் வரவேண்டியிருக்கிறது.

மக்கள் இட்ட பெயர்கள்

ஒலியை வெல்ல மக்கள் கண்ட முதல் வழி அதற்குப் பெயரிடுதல். சென்னைக்கே இதில் முன்னனுபவம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. அன்றைய அச்சம் சில தலைமுறைகளில் கரைந்துபோயிற்று. சொல் மட்டும் எஞ்சியது. எவராலும் பிடிக்க இயலாத சாமர்த்தியசாலியை இன்றும் 'அவன் பெரிய எம்டன்' என்கிறார்கள். குண்டின் பெயரைக் கேலியாக மாற்றிக்கொண்டது சென்னைத் தமிழ்.

ஈழத்தமிழ் இன்னும் நெருக்கமாக நின்று பெயரிட்டது. இத்தாலிய சியாய் மார்க்கெட்டி விமானம் மக்கள் வாயில் 'சியாமாசெட்டி' ஆயிற்று. வட்டிக்கடைக்காரரின் பெயர்போல் ஒலித்தது. மெல்ல ஊர்ந்து வந்து குண்டு தள்ளிய சரக்கு விமானம் 'சகடை' எனப்பட்டது. சகடம் என்பது வண்டி. வண்டி வடிவில் வந்து கண்ணனைக் கொல்ல முயன்ற அசுரனின் கதையும் அச்சொல்லின் பின்னே நிழலாடுகிறது. உடல் நீண்டு, பல் காட்டுவதுபோல் தோன்றிய போர் ஹெலிகாப்டர் 'முதலை' ஆயிற்று. பிற்காலத்தில் வன்னியின் மேல் ஆளில்லாமல் சுற்றி வேவு பார்த்த ஊர்தியை மக்கள் 'வண்டு' என்றனர். சங்கப் பாட்டில் வண்டு பூவைத் தேடி வரும். வன்னியில் அது கூரையைத் தேடி வந்தது. அது சுற்றிவிட்டுப் போனால் பின்னே கிபிர் வரும் என்பது அங்குள்ள குழந்தைகளும் அறிந்த பாடம்.

ஆளில்லா ஊர்தி என்னும் கருத்தே தமிழுக்குப் பழையது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டில், ஓட்டுவோன் இன்றியே செல்லும் வான ஊர்தி நல்வினை செய்தார்க்குக் கிட்டும் பேறாகச் சொல்லப்படுகிறது. ஈராயிரம் ஆண்டுகளாகப் புண்ணியத்தின் பரிசாக இருந்த ஒரு கற்பனை, வேவுக் கருவியாக வானில் வந்து நின்றது.

ஹெலிகாப்டருக்கு ஈழத்து ஏடுகள் வழங்கிய 'உலங்கு வானூர்தி' என்னும் பெயரும் எண்ணத்தக்கது. உலங்கு என்பது பெருங்கொசு. பாடுபட்டுச் சொல்லாக்கம் செய்த அறிஞர்கள் சுழலியின் இயக்கத்தை விளக்கும் சொல்லைத் தேடியிருக்கலாம். நிலைத்ததோ காதில் ரீங்கரித்துத் தூக்கம் கெடுக்கும் உயிரியின் பெயர். தமிழ்நாட்டில் ஹெலிகாப்டர் என்ற பிறமொழிச் சொல்லே போதுமானதாக இருந்தது. ஏனெனில் இங்கே அதைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு பொருளுக்குத் தமிழில் எத்தனை பெயர் உண்டு என்பது, அப்பொருள் தமிழர் வாழ்வில் எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு அளவுகோல் ஆகிறது.

அச்சத்தின் இலக்கணம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம்முடைய அரசன். இந்நான்கனுள் இறுதியில் வைக்கப்பட்டது ஆழ்ந்து நோக்கத்தக்கது. பகையரசன் என்று சொல்லவில்லை. தம் அரசன் என்றே சொல்லப்பட்டது. காக்கவேண்டியவனே அஞ்சத்தக்கவன் ஆகும் நிலையை இலக்கணம் முன்பே வகுத்துவிட்டது. படைத்துறை ஹெலிகாப்டரின் ஒலி எழுப்பும் அச்சம் இந்நான்காம் வகையைச் சார்ந்தது. வானை ஆளும் வல்லமை பெரிதும் அரசுக்கே உரியது. விதிவிலக்காக 2007இலும் 2009இலும் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கொழும்பின் மேல் பறந்தன. அப்போது விளக்கணைத்து இருளில் இருந்த கொழும்பு மக்களும் வானொலிக்கு அஞ்சுதல் எத்தகையது என்பதை உணர்ந்தனர். அச்சத்துக்கு இனம் இல்லை.

மெய்ப்பாடு என்பது உடலில் தோன்றுவது என்பதே அச்சொல்லின் பொருள். இக்கால உளவியலும் அதையே சொல்கிறது. அச்சம் தந்த ஒலி மீண்டும் கேட்கும்போது, அது இன்னதென்று அறிவு தெளியும் முன்பே மூளையின் உட்பகுதி உடலைத் தயார்ப்படுத்திவிடுகிறது. நெஞ்சு துடிக்கிறது, கை குளிர்கிறது, கால் ஓட முற்படுகிறது. இது பருத்திப்பட்டு, இது விமானப்படையின் பயிற்சிப் பறப்பு என்னும் அறிவு பின்னரே வந்து சேர்கிறது. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போரால் நொந்த மனங்களோடு பல்லாண்டு பணியாற்றி, இந்நிலையை 'மனவடு' என்னும் சொல்லால் விளக்கினர். புண் ஆறியபின் எஞ்சுவது வடு. வலி இல்லை, ஆனால் தொட்டால் தெரியும். ஒலி அதைத் தொடுகிறது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. இலட்சக்கணக்கானோர் கூடினர். வெயிலிலும் நெரிசலிலும் ஐவர் உயிரிழந்தனர் என்னும் துயரச் செய்தியே மறுநாள் பேசப்பட்டது. அதற்கு முந்தைய நாள்களின் ஒத்திகைகளில் நகரின் மேல் விமானங்கள் தாழப் பறந்தபோது, முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்த முதியோர் அவ்வொலியை எவ்வாறு கேட்டனர் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. விழாவின் ஒலியும் போரின் ஒலியும் ஒன்றாக இருக்கும் நாட்டில், முன்கூட்டிச் சொல்லுதல் என்னும் சிறு மரியாதையேனும் அவர்களுக்கு உரியது.

காக்க வந்த ஒலி

ஒலியின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையிலும் அந்தமானிலும் இலங்கையிலும் இந்திய ஹெலிகாப்டர்கள் மீட்புப் பணி ஆற்றின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது மொட்டை மாடிகளில் நின்றோர் அதே துடிப்பொலிக்காகக் காத்திருந்தனர். சோறும் தண்ணீரும் வானிலிருந்து இறங்கின. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் ஆலுவாயில், பனிக்குடம் உடைந்த நிலையில் இருந்த ஒரு பெண்ணைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கிச் சென்றது. அன்றே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. விசயை சுடுகாட்டில் ஈன்றாள். இவர் மருத்துவமனையில் ஈன்றார். சிந்தாமணியின் மயிற்பொறி இம்முறை இறங்கவேண்டிய இடத்தில் இறங்கியது. 2023 டிசம்பரில் திருவைகுண்டத்தில் வெள்ளம் சூழ நின்றுபோன திருச்செந்தூர் ரயிலின் பயணிகளுக்கும் ஹெலிகாப்டரே உணவு கொண்டுவந்தது.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற எம்.ஐ. 17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பச்சத்திரத்தில் வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரத்தில் இறந்தார். பேரொலி கேட்டதும் அச்சிற்றூர் மக்கள் தம் வீட்டுப் போர்வைகளையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினர். வானிலிருந்து மக்களைக் காக்கும் ஊர்தி வீழ்ந்தபோது அதைக் காக்க மக்கள் ஓடினர். அவர்கள் யார் எவர் என்று கேட்கவில்லை. அச்சம் தந்த ஒலிக்கு மனிதர் தரக்கூடிய விடைகளுள் அதுவும் ஒன்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைச் சிதைத்தபோது இந்திய ஹெலிகாப்டர்கள் மீண்டும் அத்தீவின் வானில் பறந்தன. இம்முறை மண்சரிவில் சிக்கியவர்களை மீட்பதற்காக. 1987க்கும் 2025க்கும் இடையே 38 ஆண்டுகள். பின்னதை நினைத்து முன்னதை மறக்கச் சொல்லுதல் தகாது. முன்னதை நினைத்துப் பின்னதை மறுத்தலும் தகாது. இரண்டும் நிகழ்ந்தன.

கவிதையின் கடன்

1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு ஈழத்துக் கவிதைக்கு ஒரு திருப்பம். அதன்பின் வந்த தலைமுறையில் பா. அகிலனின் 'பதுங்குகுழி நாட்கள்' 2000இல் வெளிவந்தது. தலைப்பே ஒரு வாழ்க்கை முறையின் பெயர். வானத்தின் கீழ் வாழ்வதை விட்டு மண்ணின் கீழ் வாழப் பழகிய மக்களின் காலக்கணக்கு அது. இக்கவிஞர்கள் ஒலியை உருவகமாக்க அவசரப்படவில்லை. அவர்களுக்கு அது உருவகம் அன்று, அன்றாடம்.

தமிழ்நாட்டில் அக்காலத்தே எழுதப்பட்ட ஈழ ஆதரவுக் கவிதைகளில் பெரும்பாலானவை உண்மையான பரிவிலிருந்து எழுந்தவை. அப்பரிவை ஐயுறுவதற்கில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றில் ஹெலிகாப்டர் கழுகாயிற்று, அரக்கனாயிற்று, இராவணனின் புட்பக விமானமாயிற்று. அது எத்தனை தகடு கொண்டது, எந்த வேளையில் வந்தது, அதைக் கேட்டவர் அடுப்பில் என்ன வைத்திருந்தார் என்பவை அக்கவிதைகளில் இல்லை. கேளாத ஒலியைப் பற்றி உரத்துப் பேசிய கவிதை, கேட்டவரின் அமைதியை மறைத்துவிட்டது. மேடையில் கைதட்டல் எழுந்தபோது அரங்கின் பின்வரிசையில் இருந்த அகதி எழுந்து வெளியே சென்றிருந்தால், அது நன்றியின்மை அன்று.

பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் முன் மூன்று பணிகள் உள்ளன என்று கூறுவது பொருந்தும்.

முதலாவது, கேட்டல். தமிழக அரசு 2021இல் அகதிகள் முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட அம்முகாம்களில் அரை இலட்சத்துக்கும் மிகுந்தோர் வாழ்கின்றனர். பெயர் மாறியது, குடியுரிமை இன்னும் பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் அவர்கள் இடம்பெறவில்லை. 1990இல் கைக்குழந்தையாக வந்தவர் இன்று நடுவயதை நெருங்குகிறார். வந்த தலைமுறையின் நினைவுகள் அவர்களோடு மறையும் முன் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பாததைக் கேளாதிருத்தலும் அப்பணியின் பகுதியே.

இரண்டாவது, இருபுறமும் எழுதுதல். ஆவடி வட்டாரத்து முன்னாள் வீரரின் நினைவும் யாழ்ப்பாணத்துத் தாயின் நினைவும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெற இயலும். அது இருவர் துயரையும் சமன் செய்வதற்காக அன்று. ஒருவர் துயர் மற்றவர் துயரைப் பொய்யாக்குவதில்லை என்று காட்டுவதற்காக. இத்தகைய தொகுப்பு உருவாக, படைக்கலம் செய்யும் இவ்வூரைவிடப் பொருத்தமான ஊர் வேறு இருத்தல் அரிது.

மூன்றாவது, சொல்லைக் காத்தல். சகடை, வண்டு, முதலை, சியாமாசெட்டி முதலிய சொற்கள் அகராதியில் ஏறாமலே மறையக்கூடும். அவற்றைப் பேசியோர் பேரப்பிள்ளைகள் டொரண்டோவிலும் இலண்டனிலும் வேறு மொழியில் கனவு காண்கின்றனர். அச்சம் மறைவது நன்று. அச்சத்தை வென்ற சொல் மறைவது நன்றன்று. எம்டன் என்னும் சொல் ஒரு நூற்றாண்டைக் கடந்து நின்றதுபோல இச்சொற்களும் நிற்க வேண்டுமாயின், கவிஞர்கள் அவற்றை எழுத்தில் வழங்குதல் வேண்டும்.

பழைய அரசர்கள் முரசின் ஒலியைப் பிரித்து வைத்தனர். இன்றைய அரசுகள் அதைச் செய்யப் போவதில்லை. ஊர்தி எதற்காக வருகிறது என்பதைச் சுழலி சொல்லாது. கேட்பவர் யார், எங்கிருந்து வந்தவர், எந்த ஆண்டில் நின்றுகொண்டு கேட்கிறார் என்பவற்றைக் கவிதை சொல்ல இயலும். அடுத்த பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் கவிஞர்கள் அப்பணியில் ஒரு பகுதியையேனும் நிறைவேற்றுவார்கள் என்னும் நம்பிக்கையை இவ்வுரை அவையின்முன் வைக்கிறது.